ஹாம்

ஹனோவரில் இறங்கியது ஒரு பிரெட்செலுக்காக.
கடைக்காரர் சில்லறையை
ஒவ்வொரு காசாக என் உள்ளங்கையில் அடுக்கினார்.
விசில் கேட்டது.
ஓடி, எதிர்ப்பட்ட கதவில் ஏறிவிட்டேன்.
ரயில் ஒன்றுதானே,
உள்ளேயே நடந்து இடம் சேர்ந்துவிடலாம்:
கரூர் – ஈரோடு பாசஞ்சர் கற்றுத்தந்தது.

நடந்தேன், பெட்டி பெட்டியாக.
குழந்தை வண்டி, மடிக்கணினி,
வாய் பிளந்து தூங்கும் ராணுவச் சீருடை.
மன்னிக்கவும், மன்னிக்கவும்.
கடைசியில் சுவர்.
இரண்டு ரயில்கள் மூக்கோடு மூக்கு ஒட்டி ஓடுகின்றன,
நடுவில் வழி கிடையாது என்று
எனக்கு யார் சொன்னார்கள்?

சுவரோரம் ஒரு பையன், மடியில் கூண்டு.
கூண்டுக்குள் சாம்பல் முயல்.
"அந்தப் பக்கம் போக முடியுமா?" என்றேன்,
கைவசமிருந்த இருபது ஜெர்மன் சொற்களில்
ஆறைச் செலவழித்து.
அவன் யோசித்தான்.
"ஹாம்" என்றான்.
எனக்கு 'ஆம்' என்று கேட்டது.

அந்நிய வாயிலிருந்து நம் சொல் விழுந்தால்
எடுத்து முடிந்துகொள்ளத்தானே தோன்றும்.
நிம்மதியாக உட்கார்ந்தேன்.
உப்புக்கல்லை ஒவ்வொன்றாக உதிர்த்துத் தின்றேன்.
காற்றாலைகள். ஈரமான வயல்.
முன்பாதியில், இருபத்தேழாம் பெட்டியில்,
பச்சை மழைச்சட்டை போட்ட என் பை.
பதினோரு கிலோ.
லூபெக்கில் நனைந்து ப்ரேமனில் காயாமல்
பன்னிரண்டு நாளாக என் முதுகைக் குனிய வைத்த பை.

ஹாம் ஓர் ஊர்.
அங்கே ரயிலைப் பிரிப்பார்கள்.
பையன் பதறி என் தோளைத் தட்டி
கோத்த விரல்களைப் பிரித்துக் காட்டியபோது
பெயர்ப்பலகையைப் படித்தேன்.
குதித்து நடைமேடையில் ஓடினேன்.
இரண்டு மூக்குகளுக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளி,
ஒரு முழம்,
அப்புறம் மழை.

பை வுப்பர்டால் வழியாகப் போயிற்று.
நான் டார்ட்முண்ட், எஸ்ஸன், டூயிஸ்பர்க் என்று
வேறு வழியில் போனேன்.
சட்டைப்பையில் பாஸ்போர்ட்,
ஒன்பது சதவீதம் உயிருள்ள போன்.
வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவளை
யாரும் பயணி என்று நினைக்கவில்லை.
வேலை முடிந்து வீடு போகிறவர்கள்
என்னையும் அவர்களில் ஒருத்தியாக்கி
கால் நீட்டிக்கொண்டார்கள்.
எஸ்ஸனில் ஒரு அம்மாள் என்னிடம் வழி கேட்டாள்.
தலையாட்டினேன். போனாள்.
எங்கே போனாளோ.

கொலோனில் தொலைந்த பொருள் அலுவலகம்.
ஹோவல்மான் அம்மையார், கயிறு கட்டிய கண்ணாடி.
படிவத்தில் பெயருக்குப் பத்துக் கட்டம்.
மங்கையர் உள்ளே போனார்கள்,
அரசி வெளியே நின்றாள்.
உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம்.
காலுறை நான்கு, அதில் ஈரம் இரண்டு.
முன்பக்கம் கிழிந்த கால அட்டவணை.
ஹாம்பர்க்கில் வாங்கிய கத்தரிப்பூ நிறத் தொப்பி,
அலுவலகத்தில் ஒருநாளும் போட மாட்டேன்.
பருப்புப்பொடி.
அதற்கு ஜெர்மன் தெரியவில்லை.
'மஞ்சள் தூள், மிரட்சி வேண்டாம்' என்று எழுதினேன்.

அவர் ஜிப்பை இரண்டு விரல் திறந்தார்.
முகர்ந்தார். மூன்று முறை தும்மினார்.
"உங்களுடையதுதான்" என்று முத்திரை குத்தினார்.
எனக்கு நாற்பது நிமிடம் முன்பே
அது வந்துவிட்டதாம்.

விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து
சார்ஜரைச் செருகியதும் தம்பி அழைத்தான்.
வீட்டில் சொல்லிவிட்டு வந்தது
வங்கிப் பயிற்சி, மொத்தம் எட்டுப் பேர்.
"எல்லாரும் ஒண்ணாத்தான இருக்கீங்க?"
"ஹாம்" என்றேன்.
"என்னது?"
"ஏழு பேரும் தூங்கியாச்சுடா."

வைத்துவிட்டுப் பையைத் தூக்கினேன்.
பழைய இடத்திலேயே
தோல் உரிந்திருந்தது.
வலித்தது.
இரண்டு மாடி.