இரண்டாம் பக்கத்து இருமல்

ஊசி போய்விட்டது என்று எனக்குச் சொன்னது
'ச' தான்.
மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது,
ச வந்தால் மட்டும்
எண்ணெயில் ஈரக்கடுகு விழுந்த மாதிரி.
தட்டின் நடுவை நெருங்க நெருங்க
பாடுகிறவருக்குப் பல் விழுந்துகொண்டே போனது.

கொசப்பேட்டை பழைய சாமான் கடையில்
பல் டாக்டர் நாற்காலிக்கும் உடைந்த கூலருக்கும் நடுவே
இரண்டாயிரத்து இருநூறுக்கு வாங்கிய பெட்டி.
"ஓடும் மேடம்" என்றார் கடைக்காரர்.
ஓடியது.
பாடும் என்று அவர் சொல்லவில்லை.

ஊசியை முன்பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும்.
இழுத்தேன்.
சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்,
அதிலிருந்து நீட்டிய மயிரிழைக் கம்பி,
கம்பியின் நுனியில் வைரம் இருக்கிறதாம்.
நகைக்கடையில்கூட என்னிடம்
யாரும் வைரம் எடுத்துக் காட்டியதில்லை.
டிபன் பாக்ஸில் பஞ்சு விரித்து
இரவு டியூட்டிக்குக் கொண்டுபோனேன்.

மூன்று மணிக்கு ஸ்லைடுகள் தீர்ந்தன.
கடைசியாகப் பார்த்தது
தோட்டப்பாளையம் லாட்ஜில் தங்கியிருக்கும்
மால்டாக்காரர் ஒருவரின் சளி.
நெகட்டிவ்.
சின்ன லென்சுக்குத் திருப்பி, எண்ணெயைத் துடைத்து,
அந்த இடத்தில் ஊசியை வைத்தேன்.
உருண்டிருக்க வேண்டிய முனை
இரண்டு பக்கமும் தேய்ந்து தட்டையாகி
உளியாக நின்றது.
இத்தனை நாள் நான் பாட்டுக் கேட்கவில்லை,
கொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.
முனவ்வர் எட்டிப் பார்த்தான்.
"பாசிட்டிவா அக்கா?"
"பாசிட்டிவ்தான்."

சென்னையிலிருந்து முதலில் வந்தது வேறு மாடல்.
திருப்பி அனுப்பிவிட்டுக்
கத்திரி வெயிலில் பதினோரு நாள்
வாயில்லாத பெட்டிக்குத் தூசி தட்டினேன்.
சரியானதைக் கொண்டுவந்த பையன்
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு
"உள்ள ஒண்ணுமே இல்ல போலிருக்கே மேடம்" என்றான்.
குலுக்காதடா, பாவி.

ஒன்றரை கிராம் அழுத்தம் என்று தாளில் போட்டிருந்தது.
என் வீட்டுத் தராசுக்கு வெங்காயம்தான் தெரியும்.
சனிக்கிழமை லேப் தராசைக் கடன் வாங்கினேன்,
ரிஜிஸ்தரில் "சொந்த வேலை" என்று எழுதி.
முதலில் இரண்டு காட்டியது.
எதிர் எடையைத் தலைமுடியளவு திருப்ப
ஒன்று புள்ளி ஆறு.
நான் மூச்சு விட்டதில் ஏழானது.
ஃபேனை நிறுத்தி
என்னையும் நிறுத்திக்கொண்டபோது
ஒன்றரை.

ச வந்தது.
துவைத்துக் காயப்போட்ட ச.

அது ஏதோ சபாவில் பதிந்த தட்டு.
இரண்டாம் பக்கம்,
பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்குவதற்கு முன்
ஒரு ஆள் இருமினார்.
இதுவரை கரகரப்புக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.
மூன்று தடவை. முதல் இரண்டும் வறட்சி,
மூன்றாவதின் அடியில் ஈரம்.
பதினேழு வருஷமாக இருமல் கேட்ட காது இது,
கையைத் தூக்கி மறுபடி வைத்தேன்.
மறுபடி.

அட்டையில் பாடியவர் பெயர் இருக்கிறது,
பிடில்காரர், மிருதங்கக்காரர்,
அட்டைப்படம் எடுத்தவர் பெயர்கூட.
இவர் பெயர் இல்லை.
பையில் பழைய படிவம் ஒன்று கிடந்தது.
பெயர்: தெரியவில்லை.
வயது: ஐம்பதுக்கு மேல், கேட்டவரை.
மாதிரி: விடியற்காலைச் சளி, இரண்டு நாள்.
தேதி என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

இன்னும் ஒருமுறை வைத்தேன்,
அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டி.

விருதம்பட்டில் சுவர்கள் மெல்லியவை.
காலையில் குழாயடியில் ஜெயசுதா
குடத்தை இறக்கி வைத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினாள்:
"எப்சிபாக்கா, நீங்க தனியாத்தானே இருக்கீங்க?
ராத்திரி பூரா ஒரு ஆம்பளை இருமுறாரே,
யாருக்கு உடம்பு சரியில்ல?"

குடம் நிறைகிறதா என்று பார்த்தபடி சொன்னேன்,
"ரிப்போர்ட் இன்னும் வரலை."