முக்கால் மணி

கைகூனா தாண்டியதும்
கடிகாரத்தை முக்கால் மணி முன்னே தள்ளச் சொல்கிறது பலகை.
தள்ளினேன்.
வேனுக்கு முன்னால் தாம்சின்.
கழுத்து கைவிட்டு இரண்டு நாளாயிற்று.
அவள் பின்னலை முதுகுப்பட்டியோடு
இழுத்துக் கட்டியது நான்தான்,
லாரியில் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சு.

பெர்த்திலிருந்து சிட்னிக்கு மூன்றாம் முறை.
முதலில் முழங்கால்.
அடுத்தது ஒரு ஈமு.

நள்ளிரவில் கேட்டாள்:
"கடல் வந்துவிட்டதா?"
"வலப்பக்கம்தான் இருக்கிறது."
பொய்யில்லை.
தெரிந்ததென்னவோ உப்புப்புதர்,
நசுங்கிய கங்காரு,
வெள்ளைக்கோடு, வெள்ளைக்கோடு.

சிட்னியில் சாதனைக்குப்
பத்தொன்பது நிமிடம் பிந்திவிட்டோம்.
முடிச்சைக் கத்தரித்தேன்.
தலை என் தோளில் விழுந்தது,
பூசணிக்காய்க் கனம்.
"அந்த முக்கால் மணி," என்றாள்,
"திரும்பிப் போய் வாங்கிக்கொள்வோமா?"

கேலியா என்று
முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.
நிமிரவில்லை.