எதில் மழை பெய்யும்

இரண்டும் சாம்பல் நிறம்.
இரண்டுக்கும் பதினாறு ஜி.பி. நினைவகம்,
பதினைந்தரை அங்குலத் திரை,
ஒரு வருட உத்தரவாதம், ஓர் இலவசப் பை.
விலையில் மட்டும் ஐநூறு ராண்ட் இடைவெளி.
ஆறு வித்தியாசம் கண்டுபிடி என்று
யாரோ எனக்கு மட்டும் வைத்த புதிர்
சாட்ஸ்வொர்த் கடைவளாகத்தின் இரண்டாம் மாடியில்
மேசைமேல் திறந்து கிடக்கிறது.

மூன்று வாரம் ஒப்பிட்டாயிற்று.
பழைய சுங்கப் படிவத்தின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு,
இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது.
எடை: ஒரு ஆரஞ்சுப் பழ வித்தியாசம்.
பேட்டரி: இரண்டு பெட்டியிலும் 'நாள் முழுதும்'.
காசைச் சுண்டிப் பார் என்றாள் ப்ரனிலா.
சுண்டினேன். பூ விழுந்தது.
எது பூ என்று முடிவுசெய்ய மறந்திருந்தேன்.

"வேலைக்கா, விளையாட்டுக்கா?"
விற்பனைக்கு நிற்கும் லுங்கெலோ கேட்டான்.
வேலைக்குத்தான் என்றேன், கொஞ்சம் அவசரமாக.
டர்பன் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களுக்குப்
படிவம் நிரப்புகிறவள் நான்.
ஒன்பதாயிரம் வரிசை எக்செல்.
டயர், டைல்ஸ், தகர டப்பாவில் மீன்,
ஒருமுறை நாற்பது அடி நீளத்துக்கு வெறும் பொம்மைக் கண்கள்.
அதற்கு இதுவும் போதும், அதுவும் போதும்.

"விளையாட்டும் கொஞ்சம்" என்றேன் பிறகு.
"கொஞ்சம் என்றால்?"

கொஞ்சம் என்றால்
வியாழக்கிழமை இரவுகளில் ஒரு லாரி.
லீட்ஸில் இருக்கும் தம்பி கிரிபாஷன் இன்னொரு லாரி.
திரைக்குள் ஏதோ ஒரு குளிர்நாட்டு நெடுஞ்சாலை.
அவன் முன்னால் போவான், நான் பின்னால்.
மரம் ஏற்றியிருப்போம், அல்லது தயிர்.
வீடியோ காலில் "ஆங், நல்லாயிருக்கேன்" தாண்டாதவன்
ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பேசுவான்.
வேலை போனதை ஒரு சுங்கச்சாவடியில் சொன்னான்.
நிக்கோல் விட்டுப்போனதை
நீளமான ஒரு பாலத்தின்மேல்,
மழையில்.

மழைதான் என் பழைய கணினிக்கு ஆகாது.
நாலு துளி விழுந்தால் விசிறி அலறும்,
காட்சி நின்று நின்று நகரும்.
அந்தப் பாலத்தில் அவன் லாரி பாதியில் உறைந்துவிட்டது.
குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"எதில் மழை நன்றாகப் பெய்யும்?"
கேட்ட பிறகுதான் கேள்வி எனக்கே விளங்கியது.
லுங்கெலோ சிரிக்கவில்லை.
விலை கூடியதைத் தட்டிக் காட்டினான்:
"இதில் தனி கிராபிக்ஸ் சிப். இதில் பெய்யும்.
அதில் பெய்யாதென்றில்லை... தூறும்."

சரி, ஐநூறு போகட்டும்.
அட்டையை எடுக்கப் பையைத் திறந்தேன்.
நான்கு மணி.
எது தவறினாலும் தவறாது மின்வெட்டு அட்டவணை.

விளக்குகள் போயின. நகரும் படிக்கட்டு நின்றது.
யாரோ "ஐயோ" என்றார்கள், யாரோ கைதட்டினார்கள்.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும்வரை
கடைக்கு வெளிச்சம் அந்த இரண்டு திரைகள்தான்.
மூலையில் சின்ன எழுத்தில் பேட்டரிக் கணக்கு:
மழை பெய்வதில் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
தூறுவதில் ஏழு மணி சொச்சம்.

எங்கள் தெருவில் வெட்டு இரண்டரை மணி நேரம்.
ரௌட்டருக்குத் தனி பேட்டரி வைத்திருக்கிறேன், அது தாங்கும்.
போன மாதம் தாங்காதது கணினி.
"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றான்,
கறுப்பு.
மறுநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லே, டீசல் விலை."
விளையாட்டில் டீசலுக்கு யார் கவலைப்படுவார்கள்?

தூறலை வாங்கினேன்.
மிஞ்சிய ஐநூறுக்கு மின்சார டோக்கன்.
லுங்கெலோ இலவசப் பையின் ஜிப்பை
இருமுறை இழுத்துப் பார்த்துக் கொடுத்தான்.

இப்போது மழையை அமைப்புகளில்
'குறைவு' என்றுகூட அல்ல,
'இல்லை' என்று வைத்திருக்கிறேன்.
வியாழன். தெருவே இருட்டு.
என் சாலை காய்ந்து நீளமாகக் கிடக்கிறது.
வைப்பருக்கு வேலையில்லை.

"அக்கா, கொட்டுது பாத்தியா?" என்கிறான்.
"ஆமாடா" என்கிறேன்.
"மெதுவாப் போ. சார்ஜ் நிறைய இருக்கு."