கோட்டுக்கு மேலே ஒன்பது

டிக்பியில் பிப்ரவரி. நிலவறை ஜன்னலில் பாதிவரை பனி.
சுவரில் சாய்த்த நான்கு மெத்தை, நடுவே டிரம்ஸ்.
எண்ணெய்க் கொதிகலன் ஒருமுறை அடங்கினால்
மறுபடி உறுமும்வரை
பதினோரு நிமிடம் எனக்கு.

பெரிய டிரம்மின் முன்தோலில் வெட்டிய துளைக்கு எதிரே
மைக்கை வைத்தேன். மிதித்தேன். திரையைப் பார்த்தேன்.
கோட்டுக்கு மேலே ஒன்பது கட்டம்.
கீழே ஐந்து.
மறுபடி மிதித்தேன்.
ஒன்பது. ஐந்து.

ஸ்காலப் ஆலையில் எடை போடுகிறவள் நான்.
தராசு ஒரு நூல் சாய்ந்தாலும்
கை தானாகத் திருகாணியைத் தேடும்.
கேபிளை மாற்றினேன்.
மைக்கை மாற்றினேன்,
தேவாலயப் பாடகர் குழுவின் மைக் அது,
லோரெட்டின் பதினாறு நிபந்தனைகளோடு வந்தது.
அதில் எட்டரை, ஐந்து.

எதையும் அடிக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்தேன்.
மௌனம் பூஜ்யத்தின் மேல்
கயிற்றில் உலர்த்திய வேட்டை நூல்போல் நேராகக் கிடந்தது.
ஆக, பெட்டியில் கோணல் இல்லை.
மிச்சம் இருந்தது நான்.
வலது கணுக்காலில் பழைய முறிவு ஒன்று உண்டு,
அதன்மேல் கொஞ்ச நேரம் பழி போட்டேன்.

மூக்குச் சிந்தக் காகிதம் எடுத்தபோதுதான் தோன்றியது.
ஒரு தாளைத் துளைக்கு முன் தொங்கவிட்டு
மெல்ல மிதித்தேன்.
தாள் முதலில் என் பக்கம் பார்க்கவில்லை.
வெளியே, மைக்கின் பக்கம், சட்டென்று எகிறியது.
பிறகு திரும்பியது,
கடன் கேட்கப் போனவன் வீட்டுக்குத் திரும்புகிற வேகத்தில்.

அவ்வளவுதான் விஷயம்.
சுத்தி தள்ளும்போது என் காலின் பலம் இருக்கிறது.
திரும்பி வரத் தோலுக்கு அதன் சொந்த இழுப்பு மட்டும்.
தள்ளியவள் ஒருத்தி, திரும்புவது வேறொன்று,
இரண்டும் ஒரே உயரம் இருக்க
என்ன கட்டாயம்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மேலே குத்தாக, ஊசிபோல்.
கீழே தாழ்வாக, அகலமாக, அவசரமில்லாமல்.
மீன்கடைச் சில்லறைபோல் கட்டம் கட்டமாக எண்ணினேன்.
இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தொகை.
ட்ரூரோ பக்கம் ஆற்றில் கடல் இப்படித்தான்,
ஏறும்போது ஓடி ஏறும்,
வடியும்போது நாள் எடுத்துக்கொள்ளும்.
வந்த தண்ணீர் போய்விடும், ஆனால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
ஸ்னேர் டிரம்முக்கு மேலே ஒரு மைக், அடியில் ஒரு மைக்.
அடித்தால் தோல் மேல் மைக்கை விட்டு விலகும்,
அடி மைக்கை நோக்கி வரும்.
ஒன்று கீழே இறங்க, ஒன்று மேலே ஏற,
சேர்த்துக் கேட்டால் அட்டைப்பெட்டிச் சத்தம்.
இரண்டும் உண்மையைச் சொல்லி
ஒன்றையொன்று தின்றுவிட்டன.
அடி மைக்குக்கு அந்தத் தலைகீழ்ப் பொத்தானை அழுத்தினேன்.
டிரம் எழுந்து உட்கார்ந்தது.

கார்னெட் படியிறங்கி வந்தான்,
பன்னிரண்டு நாள் கடலில் இருந்துவிட்டு
இரண்டு நாளாகத் தூங்குகிறவன்.
"சரியாயிடுச்சா?"
"கெடவே இல்லை."
"அப்ப ரெண்டு வாரமா என்ன பண்ணினே?"
பதில் சொல்ல வாயெடுத்தேன். கொதிகலன் முந்திக்கொண்டது.

ராத்திரி முழுப் பதிவையும் ஓட்டிக் கேட்டேன்.
மூன்றாம் நிமிடத்தில் செயின்ட் ஜானுக்குப் போகும் படகின் ஊதல்,
பனி, மெத்தை, சுவர் எல்லாம் கடந்து வந்தது.
அதைப் பெரிதாக்கினேன்.
மேலே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம்,
ஒரு பிசிறில்லை.
அழகுதான்.
ஆனால் அதை யாரும் அடிக்கவில்லை.

வெட்டி எறியவில்லை. இருக்கட்டும்.
நாளை அந்த இடத்தில்
கொஞ்சம் பலமாக மிதிப்பேன்.