உங்கட முறை

பீற்றர்பரோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறை.
பெப்ரவரி, குடும்ப நாள் நீள்வாரயிறுதி.
வாசலில் நாற்பது சோடிப் பனிச்சப்பாத்துகள்
ஒன்றின் தண்ணீரில் மற்றது ஊறிக் கிடக்கின்றன.

மகன் கேட்டான் என்று வந்தோம்.
ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்
காருக்குள் கதைத்தது வழிசொல்லும் கைப்பேசி மட்டும்.
செவ்வாயிலிருந்து எனக்கும் சேந்தனுக்கும் பேச்சில்லை.
காரணம் காசு. காசென்றால் அவருடைய தமையன்.
அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

கதவடியில் மொரீன் ஒரு ஒட்டுத்தாள் நீட்டினாள்.
கமலலோஜினி அதற்குள் அடங்கவில்லை.
லோஜியாகி உள்ளே போனேன்.

எனக்குத் தெரிந்தது
பாம்பு கொத்தினால் கீழே, ஏணி கிடைத்தால் மேலே.
இங்கே விதிப்புத்தகமே இருபத்தெட்டுப் பக்கம்,
எறும்பெழுத்தில்.
கண்ணாடியை வீட்டில் விட்டிருந்தேன்.
ஒடெட் வாசித்துச் சொன்னாள்:
எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை,
பாதி விதி காற்றாய்ப் போனது.

எங்கள் மேசையில் ஆறு பேர்.
ஒடெட். பனி வழிக்கும் லொறி ஓட்டுகிற அவள் அப்பா,
ஒரு கண் அட்டையில், மறு கண் யன்னலில்.
இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த
ரொடெல் என்கிற தாதி.
அகரன். நான்.
வேறு கதிரை இல்லாததால்
எனக்குப் பக்கத்தில் சேந்தன்.

வெள்ளம் ஏறும் ஓர் ஊர், ஆறு மரப்படகுகள்.
ஒன்று மூழ்கினாலும் எல்லாருக்கும் தோல்வி.
இதென்ன விளையாட்டு?
யாரையும் வெட்டிப் போடாமல்
எதற்குத் தாயம் உருட்டுவது?

என் முறை முடிந்தது.
கட்டையை அவர் பக்கம் தட்டிவிட்டேன்.
ஒடெட் விரலை ஆட்டினாள்.
பக்கம் பதினொன்று:
கையில் கொடுக்க வேண்டும்,
வாயால் சொல்ல வேண்டும்.

"உங்கட முறை."

நாலு நாளைக்குப் பிறகு.

அவர் உருட்டினார். அட்டையைப் பார்த்தார்.
"என்னட்டக் கயிறு கிடக்கு" என்றார்,
"உம்மட படகு தாழுது. தரட்டோ?"
மேசை விழித்தது; அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.
"தாங்கோ" என்றேன்.

சமாதானம் என்று எண்ண வேண்டாம்.
கயிறு. அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு அகரனின் படகு போனது.
அதோடு எல்லாமே.
எழும்பிய கூச்சலில்
எலிப்படை நடத்திய பக்கத்து மேசை திரும்பி முறைத்தது.
தோற்றவர்கள் இவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை;
ரொடெலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.
"இன்னொருக்கா!"
யார் முதலில் சொன்னது?
நானாயிருக்கலாம்.

நள்ளிரவில் லொறிக்காரருக்கு அழைப்பு வந்தது.
ஒடெட் கோட்டுக் குவியலில் உறங்கிப்போனாள்.
அவர் திரும்பும்வரை, வீதி வெளுக்கும்வரை,
அவள் படகையும் நாங்களே ஓட்டினோம்.

திங்கள் அடுக்கும்போது படகு ஐந்து.
நீலத்தைக் காணோம்.
வளர்ந்த மனிதர் பத்தொன்பது பேர்
மேசைகளின் கீழே நாலு காலில் தேடினோம்.
அகப்பட்டவை: மூன்று பகடை, ஒரு காதுத் தோடு,
யாரும் உரிமை கோராத பாதி பிஸ்கட்.

வீட்டுக்கு வந்து
சேந்தன் சப்பாத்தைக் கவிழ்த்தார்.
டொக்.

மொரீனுக்குப் படம் அனுப்பினேன்.
வைத்திரு, பதில் வந்தது.
அடுத்த பெப்ரவரி கொண்டு வா.
அதுவரை இங்கே ஒரு சிவப்புப் பொத்தான் மிதக்கட்டும்.

இன்று வியாழன்.
தமையன் மறுபடியும் எடுத்தார்.
சாப்பாட்டு மேசையில் இருவரும்
தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
சாவிக்கிண்ணத்திலிருந்து நீலப் படகை எடுத்து
என் தண்ணீர்க் கோப்பையடிக்கு
மெல்லத் தள்ளுகிறார் அவர்.

தொடவில்லை நான்.
பக்கம் பதினொன்று, என்கிறேன்.
கையில் தரவேணும்.
வாயைத் திறந்து சொல்லவேணும்.