இருபத்தேழு விநாடி

தபால்காரர் ரெகுநாதன் பெட்டியை நீட்டிவிட்டு
சுங்கவரிச் சீட்டை இரண்டாம் தடவை வாசித்தார்.
"பாட்டுக்கா இவ்வளவு?"
பாட்டுக்கு இல்லை. சொல்லவில்லை நான்.

ஆறு இசைத்தட்டு, தடித்த ஒரு புத்தகம்.
அட்டையில் தொப்பி வைத்த ஐந்துபேர்
ஒற்றை மைக்கைச் சுற்றி,
குளிர் காய்கிறவர்கள் போல.

இதே பாட்டுகள் என்னிடம் மூன்று முறை இருக்கின்றன.
முதலில் குவைத்தில், இரவு டூட்டி முடிந்த ஒரு காலையில்,
மாண்டலின் படம் பார்த்து
நம்மூர்க் கச்சேரி என்று வாங்கிய கேசட்.
போட்டால், ஒருவன் மூக்கு வழியே உச்சத்தில் அழுகிறான்,
பாஞ்சோ அவனைத் துரத்துகிறது.
திருப்பிக் கொடுக்கப் போனேன். வெள்ளிக்கிழமை, கடை பூட்டு.
சனிக்கிழமைக்குள் மனப்பாடம்.

பிறகு ஒரு சி.டி: இரைச்சலைத் துடைத்தவர்கள்
பிடிலின் பிசுக்கையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள்.
பிறகு இன்னொன்று, இரைச்சலோடேயே,
ஓட்டின்மேல் மழை பெய்ய உள்ளே யாரோ பாடுவதுபோல.

"நாலாவது தடவையும் அதே புளூகிராஸா?"
முற்றத்தில் தேன்பெட்டிக்குச் சட்டம் அறைந்தபடி
ஸ்டீபன் தங்கையன்.
ரப்பர் துளிர்க்கும் மாசம்.
மார்த்தாண்டத்துக்கு வடக்கே தோட்டந்தோறும் அவர் பெட்டிகள்.
ரப்பருக்குத் தேன் பூவில் இல்லை, இளம் இலைக்காம்பில்.
வருஷாவருஷம் அதே தேனையா என்று
நான் கேட்டதில்லை.

புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பு:
அந்தக் காலத் தட்டுக்கு அரக்கு
இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனதாம்.
ஏதோ மரத்தில் ஏதோ பூச்சி கசியவிட்டதன் மேல்
இவர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள்.
பாண்டவர் ஐவரும் தப்பிய அரக்கில்
இந்த ஐவர் மாட்டிக்கொண்டார்கள்.

ஆறாம் தட்டு, கடைசி.
இதுவரை வெளிவராதது. இருபத்தேழு விநாடி.
இதற்குத்தான் அந்தப் பணம்.

ஒருவன் காலால் தாளம் எண்ணுகிறான்.
பிடில் ஒரு மூச்சு முந்திவிடுகிறது.
அதைப் பிடிக்க ஓடிய மாண்டலின் தடுக்கி
எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிய
யாரோ ஒரு சொல், எனக்கு விளங்காத சொல்.
சிரிப்பு.
நாற்காலி நகர்கிறது.
மறுபடி கால், ஒன்று, இரண்டு,
அவ்வளவுதான்.

முற்றத்தில் சுத்தியல் நின்றிருந்தது.
"தெத்திச்சு, இல்லியா?"
அவர்கள் சிரித்த அதே இடத்தில்
அவரும் சிரித்திருந்தார்,
முப்பது வருஷத்தில் இதில் ஒரு பாட்டையும்
முழுசாய்க் கேட்காத மனுஷன்.

முந்திய பிடில்காரன் யாரென்று புத்தகத்துக்குத் தெரியவில்லை.
பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
கேள்விக்குறி.

"இன்னொருக்கா போடு," என்கிறார், வாயில் ஆணியோடு,
"அவனுவ சிரிக்கதுக்கு முன்னெ இருந்து."
ஊசியைப் பிடித்தபடி குனிந்து பார்க்கிறேன்.
கோடெல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது.