கதவுக்கு நூறு

இரண்டு ஆறுகள் சேரும் முனையில்
என் கைபேசிக்கு மூன்று நாடுகள்
ஒன்றன்பின் ஒன்றாக நல்வரவு சொல்லின.
கரையில் நின்றதோ ஒரு வெள்ளாடு.
அதுவும் என்னைப் பார்க்கவில்லை.

லுசாக்காவிலிருந்து ஒன்பது மணி நேரம்
கோழிக்கூண்டுக்கும் சோளமாவு மூட்டைக்கும் நடுவே
முழங்காலை மடித்து வந்திருந்தேன்.
"பழைய ஊர் எங்கே?"
படகுக்காரன் லெவிசன் மோவாயால்
அக்கரையைக் காட்டினான். சும்போ.
"போகலாமா?"
"கதவு வரட்டும்."

கதவு வந்தது,
ஒரு பெண்ணின் தலைமேல், படுத்தவாக்கில்,
துளியும் ஆடாமல்.
முக்வா மரம். மெருகெண்ணெய் காயாத வாடை.
பூட்டு இருந்தது. கைப்பிடி இன்னும் இல்லை.

ஃபெலிஸ்மினா வீடு கட்டுகிறாள், நாலு வருடமாக,
வருடத்துக்கு ஒரு சுவர்.
எல்லாம் கப்பெந்தா காயவைத்து விற்ற காசு.
(நம் நெத்திலிக்குத் தங்கை முறை அந்த மீன்,
நாற்றத்தில் அக்கா.)

ஆளுக்கு ஐம்பது என்றான் லெவிசன்.
கதவுக்கு நூறு.
"கதவு வாயே திறக்காதே, அதற்கா நூறு?"
"ஆள் கவிழ்ந்தால் நீந்துவான். கதவை நான் துரத்த வேண்டும்."

மாமரத்தடி மேசையில் எல்லை அதிகாரி
என் கடவுச்சீட்டில் முத்திரை குத்திவிட்டுக்
கதவை நிமிர்ந்து பார்த்தார்.
"இது எத்தனை நாள் தங்கும்?"
"நான் சாகும்வரை" என்றாள்.
மரக்கடை ரசீதின் முதுகில்
அவர் அதற்கும் ஒரு முத்திரை குத்தினார்.

நடு ஆறு.
லுவாங்வாவின் செம்மண் நீரும்
சாம்பேசியின் பச்சை நீரும்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்போல்
ஒரே பாதையில் ஒதுங்கி ஒதுங்கிப் போயின.
அந்தக் கோட்டின்மேல்தான் அது எழுந்தது:
இரண்டு காது, இரண்டு மூக்குத்துளை,
நடுவில் எங்களைப் பிடிக்காத ஒரு நெற்றி.

துடுப்பு நின்றது.
வழக்கமாய்ப் படகின் விலாவைத் தட்டுவார்களாம்,
வருகிறோம், கோபிக்காதே என்று.
இன்றைக்கு விலாவை மறைத்துக் கதவு.
ஃபெலிஸ்மினா குனிந்து
கதவைத் தட்டினாள்.
மூன்று தட்டு. பொறுத்து, இன்னொன்று.
அண்டை வீட்டில் உப்புக் கேட்கப் போனவள்போல.

காதுகள் திரும்பின. யோசித்தன. மூழ்கின.
நீர்யானை போன வழியெல்லாம்
குமிழிகள் எங்கள் அடியில் கடந்தன.
யாரும் மூச்சுவிடவில்லை, கதவு உட்பட.

பழைய ஊர் என்று நான் தேடி வந்தது
முழங்கால் உயரக் கல்வரிசை,
பெருக்கமரத்தின் வேர் பிளந்த ஒரு சுவர்,
அதில் ஆள் நுழையும் அளவு வெட்டவெளி.
பொன்னும் தந்தமும் மனிதர்களும்
கைமாறிய துறை.
இதே மேட்டில், இதே வெயிலில்,
ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவன் சொல்லியிருப்பான்.
ஒருவன் பேரம் பேசியிருப்பான்.
படம் எடுக்கத் தூக்கிய கைபேசியில்
மறுபடியும் ஒரு நல்வரவு.

திரும்பும் வழியில் அவள் வீடு.
கூரை உண்டு. வாசல்
இரண்டு விரற்கடை கோணல்.
பக்கத்து வீட்டு ஜெர்வாசியோ இழைப்புளியோடு வந்து
சுவரைத் திட்டினான், மரத்தைத் திட்டவில்லை.
நான் பிடித்துக்கொண்டேன். சுருள் சுருளாய்
என் செருப்பில் விழுந்தது முக்வா.

வெயில் சாயும்போது கதவு பொருந்தியது.
அவள் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
வெளியே நானும் ஜெர்வாசியோவும் ஆடுகளும்.
பிறகு, "தட்டுங்கள்" என்றாள்.
தட்டினேன்.
"யார்?"
பெயரைச் சொன்னேன்.
"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது"
உள்ளே சிரிப்பு, நெடுநேரம்,
கைப்பிடி இல்லாத துளை வழியாக.

இருட்டுவதற்குள் துறைக்கு ஓடினேன்.
திரும்பும் படகில் நான் மட்டும்.
ஐம்பதை எடுத்து நீட்டும்போது
கை கொஞ்சம் கூசியது.
லெவிசன் எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பையில் செருகினான்.
"கதவு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டான்.